12 நாளில் ஜப்பானை விட்டுக் கிளம்புகிறோம்: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது?

மஞ்சக்காட்டுக்காரி எழுதியது:

வணக்கம். ஈரோட்டுக்காரி நான். கணவரை அவர் கம்பெனி டெபுடேஷனில் அனுப்பியதால் குடும்பத்தோடு வந்து 23 மாதம் ஆகிறது. மார்ச் 28 விமானம். சிங்கப்பூரில் மாறி, கோவையில் இறங்குகிறோம். இருப்பது கவாசாகியில், தாமா ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம். மகள் மூன்றாம் வகுப்பு, மகனுக்கு 6 வயது.

கேள்வி ஒரு டப்பாவைப் பற்றியது. சிரிக்காதீர்கள்.

வந்த வாரமே, கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் சொன்னபடி, வீட்டுக்கொரு சின்னத் துண்டைப் பரிசாக எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய்த் தலை குனிந்துவிட்டு வந்தோம். இரண்டு வீட்டில் கதவு பாதி திறந்து மூடியது. வலப்பக்கத்துப் பாட்டி மட்டும் முழுக்கத் திறந்தார். வயது 78, தனியாக இருக்கிறார். மறுநாள் நீலமூடி போட்ட டப்பாவில் பூசணிக்காயை இனிப்பும் உப்புமாக வேகவைத்துக் கொண்டுவந்தார். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவர். ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டையைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே டப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தது. நான் எலுமிச்சம் சோறு வைத்தேன். அது ஊறுகாயோடு வந்தது. இப்படியே 23 மாதம். அந்த அம்மாவுக்கும் ஓர் அம்மா இதையே சொல்லியிருக்க வேண்டும்!

டப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறது. நான் நிரப்பிக் கொடுத்தால் அவர் மறுபடி நிரப்புவார். நிச்சயம். பெரிய பரிசாக ஏதாவது கொடுத்தாலோ, அதற்கு ஈடாக எதையாவது வாங்க இந்த வயதில் கடை கடையாக அலைவார். கொடுக்காமல் போகவும் மனசு வரவில்லை.

டப்பா மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். மகள் முதுகில் சுமக்கும் சிவப்பு ராந்தோசேரு அவர் பேத்தியுடையது. அந்தப் பள்ளிப்பை நல்லதாகப் புதிதாக வாங்கினால் 50,000 யென்னுக்கு மேல். அதைவிடப் பெரிய விஷயம் போன ஜூலையில் நடந்தது. கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். ராத்திரி 11 மணிக்கு மகனுக்குக் காய்ச்சல் 40 டிகிரி. எனக்கு ஜப்பானிய மொழியில் விலை கேட்கத் தெரியும், வானிலை பேசத் தெரியும், அவ்வளவுதான். பாட்டி வீட்டு மணியை அடித்தேன். இரவு உடுப்பின் மேலேயே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரியில் கேட்ட படிவத்தை எல்லாம் என்னிடம் சைகையில் கேட்டுக் கேட்டு நிரப்பி, மூன்று மணி வரை மகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நன்றி என்ற வார்த்தையைச் சொன்னேனா என்பதே எனக்கு நினைவில்லை.

இரண்டாவது, மகளின் ஆசிரியை. ஒவ்வொரு மாதமும் மதிய உணவுப் பட்டியல் வந்ததும் மாட்டிறைச்சி வரும் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவார். அன்றைக்கு மட்டும் நான் டப்பா கட்டிக் கொடுத்தால் போதும். நான் கேட்காமலேயே ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பட்டுச் சால்வை கொடுக்கலாமா?

மூன்றாவது கேள்வியா புலம்பலா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அம்மாவிடம் போனில் "ரொம்ப நன்றிம்மா" என்றால், "ஏன் கண்ணு, உடம்புக்கு முடியலையா?" என்பார். இங்கே பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் கைகூப்பி "இதாதாகிமாஸ்", எழுந்திருக்கும்போது "கொச்சிசோசாமா". பள்ளியில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர்களே சோறு பரிமாறி, சாப்பிட்டபின் வகுப்பறையை அவர்களே துடைக்கிறார்கள். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில் என் கணவரும் பாத்திரம் கழுவப் பழகிவிட்டார். முதல் மாதம் கழுவியதை நான் இன்னொரு முறை கழுவினேன், இப்போது தேவைப்படுவதில்லை. ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா ஒன்பது வருஷமாகப் பாத்திரம் கழுவ வருகிறார். அவருக்கு ஒருநாளும் நான் எதுவும் சொன்னதில்லை என்பது இங்கே சிங்க் முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. இதெல்லாம் ஊருக்குப் போனபின் எத்தனை நாள் நிற்கும்? திரும்பிப் போனவர்கள் சொல்லுங்கள்.

---

ஓசூர் சைக்கிள் எழுதியது:

நாகோயா பக்கம் 4 வருஷம் இருந்துவிட்டு 2018-ல் திரும்பியவன்.

ஆசிரியைக்குச் சால்வை வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோரிடம் பரிசு வாங்குவதைத் தவிர்ப்பார்கள், நீங்கள் நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம். கடிதம் எழுதுங்கள். மகள் கையால் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அந்தச் சிவப்பு வட்டத்தைக் கட்டாயம் எழுதுங்கள், "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாக எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். எங்கள் பையன் அவன் ஆசிரியருக்குத் தமிழில் எழுதி, கீழே மொழிபெயர்ப்பை ஒட்டினான். புரியாத எழுத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிக்குத் தின்று தீர்ந்துபோகிற பொருள்தான் சரி. வீட்டில் இடத்தை அடைக்காது, பதிலுக்குக் கொடுக்க வேண்டிய பாரமும் குறைவு. கைக்குட்டை வேண்டாம், உறவை அறுப்பதாக அர்த்தம் எடுப்பவர்கள் உண்டு. எதுவானாலும் எண்ணிக்கை நான்கு வேண்டாம், அந்த உச்சரிப்பு சாவைக் குறிக்கும். நம் இனிப்பு அவர்களுக்குத் தித்திப்பு அதிகம். நான் ஆசையாகக் கொடுத்த மைசூர்பாகை ஒருவர் காபியில் தொட்டுத் தொட்டு ஒரு வாரம் தின்றதாகச் சொன்னார். தட்டை சரியான யோசனை, அவர்களுடைய செம்பே நொறுக்குத்தீனியும் அரிசி மாவில் செய்வதுதானே.

கேட்காததையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டேன். மார்ச் மாதம் ஜப்பானே வீடு மாறுகிற மாதம். பழைய கட்டில், மேசையை நகராட்சி எடுத்துப்போக முன்பதிவு செய்து, ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். கடைசி வாரத்தில் தேதி கிடைக்காது, இன்றைக்கே செய்யுங்கள். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதில் சேராது, அதற்கு மறுசுழற்சிக் கட்டணம் தனி. வார்டு ஆபீஸில் வெளியேறும் அறிவிப்பைக் கிளம்புவதற்கு முந்தைய 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்தவர்களுக்குப் போன வருஷச் சம்பளத்தின் மேல் குடியிருப்பு வரி உண்டு, அந்த நோட்டீஸ் ஜூனில்தான் வரும். கம்பெனி கட்டுகிறதா, உங்களுக்குப் பதில் கட்ட நீங்கள் ஒருவரை நியமிக்க வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். ஓய்வூதியம்: இந்தியாவிலிருந்து பி.எஃப். சான்றிதழோடு வந்திருந்தால் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தப்படி அங்கே பிடித்திருக்க மாட்டார்கள். அங்கேயே சம்பளம் வாங்கிப் பிடித்திருந்தால், திரும்பியபின் 2 வருஷத்துக்குள் மொத்தமாகக் கேட்டு வாங்கலாம், 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள்.

கடைசி ஒன்று. விமான நிலையத்தில் குடியிருப்பு அட்டையில் ஓட்டை போடுவார்கள். நினைவுக்கு வேண்டும் என்று கேட்டால் ஓட்டையோடு தருவார்கள். கேளுங்கள். எங்கள் வீட்டுப் பீரோவில் நான்கு ஓட்டை அட்டைகள் இருக்கின்றன.

---

காரக்குழம்பு எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், மன்னிக்கவும். ஓசாகாவில் மூன்று வருஷம், இப்போது திருச்சி.

எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டீர்கள். "இதாதாகிமாஸ்" எங்கள் வீட்டில் ஐந்து மாதம் நின்றது. அப்புறம் பள்ளியில் நண்பர்கள் கேலி செய்தார்கள், நின்றுபோனது. திரும்பி வந்த முதல் வாரம் என் மகன் வகுப்பில் துடைப்பத்தைக் கையில் எடுத்திருக்கிறான். ஆயா பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார், எனக்கு வீட்டுக்குப் போன் வந்தது. அந்த ஆயாமீது தப்பில்லை, "பிள்ளையை வேலை வாங்கினாய்" என்று அவரைத்தான் திட்டுவார்கள்.

இன்னொன்று, முதல் மாதம் ஜப்பான் புராணம் பாடாதீர்கள். ரயில் வந்த நேரம், குப்பைத்தொட்டியே இல்லாத தெரு, எல்லாம் உண்மைதான். ஆனால் மூன்றாவது தடவை சொல்லும்போது நாத்தனார் முகத்தைப் பாருங்கள். அங்கே எல்லாம் தேனாகவும் இல்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி 11-க்கு முன்னால் வந்தது அபூர்வம். மகன் முதல் ஆறு மாதம் இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தான், அதைச் சொல்லவும் அவனுக்கு மொழி இல்லை. உங்களுக்கு அந்தப் பாட்டி வாய்த்தார். எனக்கு வாய்த்த கீழ் வீட்டுக்காரர் குழந்தை ஓடுகிற சத்தத்துக்குக் கம்பால் கூரையைத் தட்டுவார். மூன்று வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தது இரண்டு தடவை.

வீட்டுக்கு வரும் அக்கா விஷயம். நன்றி சொல்வதெல்லாம் சரி. அதற்கு முன்னால் சம்பளத்தை ஏற்றிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுங்கள். ஒன்பது வருஷத்துக்கு வெறும் வார்த்தை மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

கணவர் பாத்திரம் கழுவுவது உங்கள் மாமியார் அந்தக் காட்சியை முதல் தடவை பார்க்கும் நாளைப் பொறுத்தது. அன்றைக்கு நீங்கள் சிங்க் பக்கம் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களால் முடியாது என்றே நினைக்கிறேன், என்னால் முடியவில்லை.

---

நிஷிகசாய் அக்கா எழுதியது:

11 வருஷமாக ஜப்பானில்தான். கிளம்புகிறவர்களை வழியனுப்பியே பழகிவிட்டேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிளம்புவது பாட்டிக்குத் தெரியுமா? அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் எழுதவில்லை.

தெரியாது என்றால் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். கடைசி நாள் பரிசோடு போய் நின்றால் அவருக்கு வருத்தப்படக்கூட நேரம் கிடைக்காது. செய்தியை முதலில் கொடுங்கள், பொருளைக் கடைசி நாள் கொடுங்கள். பொருளை முன்கூட்டிக் கொடுத்தால் ஒகாஎஷி என்கிற பதில் மரியாதைக்காகக் கடைக்குப் போவார், பாதி விலைக்காவது செய்யவேண்டும் என்பது இங்கே பழக்கம்.

அந்த ஜூலை ராத்திரி நன்றி சொன்னேனா என்று தெரியவில்லை என்றீர்கள். அது இப்போதும் தாமதம் இல்லை. நம்மிடம் நன்றி சொன்னால் அங்கேயே முடிந்தது. இங்கே அடுத்த முறை பார்க்கும்போது போன முறைக்கு மறுபடியும் சொல்வார்கள். நான் வந்த புதிதில், ஒரு டீ வாங்கிக் கொடுத்ததற்கு ஒருவர் இரண்டு வாரம் கழித்து நன்றி சொன்னதும் இன்னொரு டீ கேட்கிறாரோ என்று நினைத்தேன். நீங்கள் "அனோ தோக்கி வா, ஹொன்தோனி அரிகாதோ கொசாய்மஷ்தா" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் செய்ததற்கு, நிஜமாகவே நன்றி. ஜூலை, ஆஸ்பத்திரி என்ற இரண்டு வார்த்தையை முன்னால் போட்டுக்கொண்டால் போதும், அவருக்குப் புரியும்.

கிளம்பும்போது சொல்ல வேண்டியது "ஒசேவா நி நாரிமஷ்தா". உங்கள் கவனிப்பில் இருந்தோம் என்று. இன்னொரு வார்த்தையும் உண்டு, "ஒகாகேசாமா தே". அதில் இருக்கும் காகே என்றால் நிழல். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று யாராவது கேட்டால் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கான்" என்று ஊரில் சொல்வோமே, அச்சு அசல் அதுதான். என் பாட்டி தபால்காரரிடம்கூட அப்படிச் சொல்வார். நம் வீட்டில் நன்றி இல்லை என்கிறீர்கள், அந்த வார்த்தைதான் இல்லை என்பேன் நான்.

ராந்தோசேருவைத் திருப்பிக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், பழைய பைகளை ஆப்கானிஸ்தான் பிள்ளைகளுக்கு அனுப்பும் ஓர் இயக்கம் 2004-ல் ஆரம்பித்தது, இப்போதும் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு அங்கே கொடுக்கலாம்.

---

மஞ்சக்காட்டுக்காரி எழுதியது:

அக்கா, கண்டுபிடித்துவிட்டீர்கள். சொல்லவில்லை. ஜனவரியிலேயே எங்களுக்குத் தேதி தெரியும். டப்பா கையில் வரும்போதெல்லாம் அடுத்த முறை சொல்லலாம், அடுத்த முறை சொல்லலாம் என்று தள்ளினேன். நாளை காலை போகிறேன். ஓசூர்க்காரருக்கு நன்றி, கட்டிலுக்கு 26-ஆம் தேதி ஒரே ஓர் இடம் கிடைத்தது, இரண்டு ராத்திரி தரையில் படுத்துக்கொள்வோம்.

---

மஞ்சக்காட்டுக்காரி எழுதியது (ஏப்ரல், ஈரோடு):

வந்து மூன்று வாரம் ஆகிறது. வெயில் பழகவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போனால் தப்பு.

மறுநாள் காலை மகளை அழைத்துக்கொண்டு போனேன். கிளம்புகிறோம் என்று மகள்தான் சொன்னாள், அவள் ஜப்பானிய மொழி என்னுடையதைவிட நூறு மடங்கு. பாட்டி "ஸோ தெசு கா" என்றார். அப்படியா என்று அர்த்தம். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய் டீ போட்டார். அப்போதுதான் அக்கா எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். ஜூலை, ஆஸ்பத்திரி, அனோ தோக்கி வா. நடுவில் உளறிவிட்டேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு மகளிடம் மெதுவாக நீளமாகப் பேசினார். மகள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ராத்திரியில இந்த வீட்டு பெல்லை யாராவது அடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சாம். பயந்துகிட்டேதான் திறந்தாங்களாம். நம்மளைப் பார்த்ததும் தூக்கம் போச்சாம். அப்புறம் காலைல வீட்டுக்கு வந்து சந்தோஷமா இருந்துச்சாம்."

பையைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். பேத்திக்குக் கல்லூரி வயது, யாருக்கு வேண்டும் என்றார். அது சிங்கப்பூர் வழியாக மகள் முதுகிலேயே வந்தது, இப்போது அதைப் போட்டுக்கொண்டு டியூஷன் போகிறாள். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள், அவள் பொருட்படுத்தவில்லை.

ஆசிரியைக்கு இரண்டு பக்கக் கடிதம் போனது. கடைசி நாள் அவர் மகளிடம் மூன்றாவது பக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். ஏப்ரல் மாத உணவுப் பட்டியல், அவள் சாப்பிடப்போகாத மாதம், அதிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். இதைத் தட்டச்சும்போதுகூட எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.

காரக்குழம்பு, நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஜப்பான் புராணத்தை நான் பாடவில்லை, என் கணவர் பாடுகிறார். பாத்திரம் கழுவும் காட்சியை மாமியார் நான்காம் நாள் பார்த்தார். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன்டா, சோப்பு போகலை பாரு" என்றார், அவ்வளவுதான். பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்குச் சம்பளம் 2,000 ரூபாயிலிருந்து 3,000, ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமை கழுவுவது யார் என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. நன்றி என்ற வார்த்தையை மகள் சொன்னாள், நான் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தலை குனிந்தாள். அக்கா சிரித்துக்கொண்டே "என்ன கண்ணு புதுசா" என்று ஈரக்கையாலேயே அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

அப்புறம் டப்பா. நிஷிகசாய் அக்கா சொன்னபடி 27-ஆம் தேதி மாலைதான் தட்டை நிரப்பிக் கொடுத்தேன். ராத்திரி கடை எதுவும் திறந்திருக்காது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு டாக்ஸி வந்து நிற்கும்போது கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் அதே டப்பா. சிவப்புக் காராமணி மாதிரிப் பயறு போட்டுச் சமைத்த சோறு, சூடாக. நல்ல காரியத்துக்குச் செய்வார்களாம். எத்தனை மணிக்கு எழுந்து செய்தாரோ. விமான நிலையத்தில் நான்கு பேரும் கையால் சாப்பிட்டோம்.

ஆக, டப்பா என்னோடு ஈரோட்டுக்கு வந்துவிட்டது. கழுவி, துடைத்து, மேடையில் இருக்கிறது. மூன்று வாரமாகிறது, அதற்குமேல் வெறுமனே வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. ஈரோடு தபால் நிலையத்தில் ஜப்பானுக்கு ஸ்பீடு போஸ்ட் போகும் என்கிறார்கள். யாராவது அனுப்பியிருக்கிறீர்களா? தட்டை உடையாமல் போகுமா, இல்லை கடலைமிட்டாய் வைப்பதா?